கச்சானும் மழையும்: எமது வீட்டு மரக்கறித் தோட்டம்

(எல்லயில் நடைபெற்ற எமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தையும் மொழியையும் கல்வியையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமோ போஞ்சியையும் கத்தரியையும் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். ஆயினும், வீட்டின் பின்புறத்திலுள்ள ஒரு துண்டு நிலம் ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்த காலங்கள் உண்டு. அத்துண்டு நிலம் இல்லாமையால் குடும்பங்கள் வாடி மடிந்த காலங்களும் உண்டு. ஆகையினால் இது சிறிய பொருளன்று என்பதை முதற்கண் கூறிக்கொள்கிறோம்.

"எல்ல" என்னும் சிங்களச் சொல்லுக்கு நீர்வீழ்ச்சி என்பது பொருள். நீர்வீழ்ச்சியின் பெயரைத் தாங்கிய ஊரிலே, ஆவணி மாதத்தில் பீலியின் நீர் நூல்போல இறங்க, பெண்கள் வாளிகளை வரிசையாக வைத்துக் காத்து நிற்கிறார்கள். இதன் காரணம் என்ன? மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளில் பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து ஊவாவுக்கு இறங்கும்போது அதனிடம் ஈரம் இல்லை. வேகமும் வெப்பமுமே எஞ்சியிருக்கின்றன. அதுவே நாம் கச்சான் என்று அழைக்கும் காற்று. சூலை முதல் செப்டெம்பர் வரை இக்காற்றில் வாடி நிற்கும் கொழுந்திலிருந்துதான், உலகச் சந்தையில் புகழ்பெற்ற ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. தேயிலைக்கு மணம் கொடுக்கும் காற்றே மரக்கறிப் பாத்திக்குக் கூற்றுவனாகிறது!

செப்டெம்பர் இறுதியில் மாலை வேளைகளில் இடி முழங்கும். ஒக்டோபரில் இடைப்பருவ மழை கொட்டும். அதன் பின்னர் வடகீழ்ப் பருவமழை தை மாதம் வரை நீடிக்கும். ஆகவே, மூன்று மாதங்களுக்குள்ளே எமது தோட்டம் இரண்டு பகைவரைச் சந்திக்கின்றது. முதலாவது பகைவன் மண்ணிலுள்ள நீரை எடுத்துச் செல்கிறான். இரண்டாவது பகைவன் அம்மண்ணையே எடுத்துச் செல்கிறான். இவ்விருவருக்கும் எதிரான ஆயுதம் ஒன்றே. மண்ணை மூடிக் காத்தல் என்பதே அது.

திருக்குறளில் உழவைப் பற்றிய அதிகாரம், உழுவதைக் காட்டிலும் எருவிடுவதையும், நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பதையும் மேலாக வைக்கின்றது. எமது சரிவு நிலங்களிலே காவல் என்பது வேலி கட்டிப் பன்றியையும் மாட்டையும் தடுப்பது மாத்திரமன்று. மண்ணையும் ஈரத்தையும் ஓடிப்போகாமல் தடுப்பதும் காவலே.

முதலிற் கோடையை எடுத்துக்கொள்வோம். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தியில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் விட ஏறக்குறைய 28 லீற்றர் வேண்டும். அதாவது பெரிய வாளி இரண்டு. பீலியிலிருந்து தலையிலும் இடுப்பிலும் சுமந்து வரும் நீர் இது. இதை நண்பகலில் இலைமேல் தெளிப்பது காற்றுக்குத் தானம் செய்வதாகும். காலையிலோ மாலையிலோ வேரடியில் விடவேண்டும். நாள்தோறும் மேல்மண்ணை நனைப்பதிலும், இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழ நனைப்பது நன்று. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். ஆழம் நனைந்தால் வேர் நீரைத் தேடிக் கீழே செல்லும். அரிசி கழுவிய நீர், மரக்கறி அலம்பிய நீர் ஒன்றையும் வீணாக்கலாகாது. வல்லாரை, பொன்னாங்காணி, சேம்பு ஆகியவற்றை அந்நீர் செல்லும் வழியிலே நட்டுவிட்டால், கச்சான் காலம் முழுவதும் சட்டிக்குக் கீரை குறையாது.

நீர் விட்டபின் மண்ணை வெறுமையாக விடக்கூடாது. எமது பத்தனைகளில் மானாப்புல்லுக்குப் பஞ்சமில்லை. அது விதை கட்டுமுன் அறுத்து, இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பாத்தியின்மேல் பரப்பிவிட்டால், வெயில் மண்ணைத் தொடாது; ஈரம் நெடுநேரம் நிற்கும். தண்டோடு ஒட்டாமல் சிறிது இடம் விடவேண்டும்; ஒட்டினால் அழுகல் வரும். தேயிலை மலைகளிலே குவாத்தமாலாப் புல்லை வெட்டி மண்ணை மூடும் வேலையைச் செய்தவர்கள் எமது பெற்றோரே. துரையின் தேயிலைக்குச் செய்ததை எமது தக்காளிக்குச் செய்வதில் புதுமை ஏதும் இல்லை.

அடுத்தது வேலி. கச்சான் நேரே பாயும் திசையில் முள்முருக்கையோ கிளிசரிடியாவையோ கொப்பாக ஊன்றிவிட்டால் அது தழைத்துக் காற்றைத் தடுக்கும். இவை அவரைக் குலத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளில் சேர்க்கும் ஆற்றல் உடையவை. மழை தொடங்குமுன் கிளைகளை வெட்டித் தழையைப் பாத்தியில் இட்டால், காசில்லாத பசளை கிடைக்கும். 2021ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, நவம்பரில் அத்தடையைத் தளர்த்தும் வரை நாட்டு விவசாயம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அத்தகைய கட்டளை ஒரே நாளில் பெரு வயல்களைக் காப்பாற்றாது. ஆனால் சமையலறைக் கழிவும், சாம்பலும், மாட்டெருவும், வேலித் தழையும் சேர்ந்த கூட்டெருக் குழி ஒன்று பின்புறத்தில் இருந்த வீட்டுக்கு, அந்த ஆண்டு அவ்வளவு அஞ்சத்தக்கதன்று.

இனி மழைக்கு வருவோம். லயக் காம்பராவின் அளவு 10 அடிக்கு 12 அடி என்பார்கள். அத்தனை சிறிய கூரையின்மேல் ஓரங்குல மழை பெய்தால் விழும் நீர் 250 லீற்றருக்கு மேல். ஒரு பீப்பாய் நிறைந்து வழியும். செப்டெம்பர் இறுதியின் முதல் மழைகளை இவ்வாறு பிடித்து வைத்தால், மழை இடைவிடும் நாட்களில் நாற்றுகள் பிழைத்துக்கொள்ளும். பீப்பாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டவேண்டும். இல்லையேல் மரக்கறியோடு டெங்கு நுளம்பையும் வளர்த்தவராவோம்.

முதல் மழை கண்டவுடன் முழு நிலத்தையும் கொத்திப் புரட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. சரிவு நிலத்திலே இது பெருந்தீங்கு. வெறுமையான மண்ணிலே விழும் ஒவ்வொரு துளியும் சிறு சம்மட்டி போன்றது. அது மண்ணை உடைக்கிறது, ஓடும் நீர் அதைச் சுமந்து செல்கிறது. விதைக்கும் இடத்தை மாத்திரம் கொத்தினாற் போதும். பாத்திகள் மேலிருந்து கீழாக அல்லாமல் சரிவுக்குக் குறுக்காகவே அமையவேண்டும். பொறுக்கிய கற்களைக் கொண்டு கீழ்ப்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லணை கட்டினால், ஓரிரு ஆண்டுகளில் அதன் பின்னே நல்ல மண் தங்கும். மேற்புறத்துக் கானைத் துப்புரவாக வைத்திருத்தலும் அவசியம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எண்ணும்போது நெஞ்சு இன்னும் நடுங்குகின்றது. அத்தகைய பெருஞ்சரிவை ஒரு கல்லணை தடுக்காது. நிலத்திலே வெடிப்புக் கண்டால் தோட்டத்தை மறந்து உயிரைக் காக்க வெளியேறவேண்டும் என்பதையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது.

மழைக் காலத்தின் முதற்பயிர் போஞ்சி. ஏறக்குறைய இரண்டு மாதத்திலே காய் பறிக்கலாம். முளைத்த இளம் போஞ்சியின் தண்டைத் துளைக்கும் சிறு ஈ ஒன்று உண்டு. செடி வாடுமுன் அடியில் மண் அணைத்துவிட்டால், அது மேலே புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்தால் உடனே பூச்சிமருந்தைத் தேடவேண்டியதில்லை. நீர் ஒரு நாள் மிகுந்தும் பல நாள் குறைந்தும் கிடைப்பதால் கல்சியம் காயைச் சென்றடையாமையே பெரும்பாலும் அதன் காரணம். காய்ந்த மண்ணில் பெருமழை பெய்தவுடன் பழம் வெடிப்பதும் இதைப் போன்றதே. புல் மூடிய பாத்தியிலே இவ்விரண்டும் குறையும்.

பலவகைப் பயிரைக் கலந்து நடவேண்டும் என்பதற்கு எமது ஊவாவே சாட்சி. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய் 1869ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, இதோ எம் அண்டையிலுள்ள மடுல்சீமையிலேதான். ஒரே செடியை மலை மலையாக நட்டிருந்தமையால் நோய் தடையின்றிப் பரவியது. 1845இல் அயர்லாந்து தேசத்தில் உருளைக்கிழங்கை அழுகச்செய்த நோயும் இவ்வாறே பரவிற்று. உருளைக்கிழங்கையே நம்பியிருந்த ஏழைகள் அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அந்த நோய் இன்றும் மழைக் காலத்தில் எமது உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்குகிறது. ஆகவே ஒரு பாத்தி போனாலும் மறு பாத்தி நிற்கும்படி, போஞ்சியோடு முள்ளங்கியும், கோவாவோடு வெங்காயமும், ஓரத்தில் மரவள்ளியும் வற்றாளையும் இருக்கட்டும்.

விதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போஞ்சி தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்வது. ஆகையால் நல்ல கொடியின் காயைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு எடுத்த விதை, தாய்ச்செடியைப் போலவே காய்க்கும். அதனைச் சாம்பலோடு கலந்து போத்தலில் அடைத்து வைத்தால் அடுத்த போகத்துக்குக் கடைக்குப் போகவேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு விதை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை எமது பாட்டிமார் அறிந்திருந்தார்கள். சங்கமும் அதை அறிந்துகொள்ளட்டும்.

அன்பர்களே! இதுவரை கூறியது கைவேலை. இனிக் கூறுவது அதனினும் கடினமானது.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது எமக்கு வந்த அரிசி நின்றது. தோட்டங்களிலும் உணவுப் பயிர் செய்யவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மீண்டும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தவருக்கு வளவிலே மரவள்ளியாவது இருந்தது. லயத்தவருக்கு வளவே இல்லை. தோட்டங்களிலே பட்டினியால் பலர் மாண்டனர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அவ்வாண்டு வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூட வழங்கினார்கள். லயத்துத் தொழிலாளிக்கு விடுமுறை கிடைத்தாலும் மண்வெட்டியை எங்கே போடுவது?

நிலத்துக்குரியவன் நாள்தோறும் சென்று பாராவிட்டால் நிலம் ஊடிக்கொள்ளும் என்று வள்ளுவர் மனைவியின் ஊடலோடு ஒப்பிட்டுச் சொன்னார். எமது மலைகளிலோ, நாள்தோறும் நிலத்துக்குச் செல்பவன் அதற்கு உரியவனல்லன்! தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் கைமாறிய காணியில் லயத்துக் குடும்பத்துக்கென்று ஒரு பேர்ச்சேனும் எழுதிவைக்கப்படவில்லை. நாளை எடுத்துவிடுவார்களோ என்ற ஐயம் உள்ள இடத்திலே எவன் கல்லணை கட்டுவான்? எவன் மூன்றாண்டு கழித்துப் பயன்தரும் மரத்தை நடுவான்? விதைக்கிறவனின் உவமையை மிஷன் பாடசாலையில் நாம் படித்தோம். அதில் கற்பாறையும் முள்ளும் வருகின்றன; பிறனுடைய மண்ணில் விழுந்த விதையைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அண்மைக் காலத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. இந்திய அரசின் உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் 2016இல் தொடங்கியது. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. வீடு 550 சதுர அடி. காணி 7 பேர்ச். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக எஞ்சுவது 1,350 சதுர அடி. வழி, முற்றம் எல்லாம் விட்டாலும் நாம் மேலே சொன்ன அளவில் பதினைந்து, இருபது பாத்திகளுக்கு இடம் உண்டு. ஒரு குடும்பத்தின் கீரைக்கும் காய்க்கும் பெரும்பகுதி அதிலே விளையும். ஆகவே ஏழு பேர்ச்சைக் கேட்பதென்பது வெறுங்கூரையைக் கேட்பதன்று. உறுதிப் பத்திரத்தோடு கூடிய மண்ணைக் கேட்பதாகும். இன்னும் லயங்களில் வாழ்கின்ற குடும்பங்களுக்காக அக்குரல் ஓயலாகாது.

உறுதி கைக்கு வரும்வரை நாம் சும்மா இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. எமது சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஆவணிக்குள் ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் புல் மூடிய பாத்தி ஒன்று. முதல் மழைக்கு முன் கூரையடியில் பீப்பாய் ஒன்று. கல்லணை கட்ட முடியாத முதியோர் வீடுகளுக்கு, பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வரும் எம்போன்ற மாணவரின் இரண்டு நாள் உழைப்பு. புத்தகம் பிடித்த கை மண்வெட்டி பிடித்தால் தேய்ந்துவிடாது. எம்மைப் படிக்க வைத்த கைகள் யாவும் மண்ணிலே தேய்ந்த கைகளே.

கச்சான் அடுத்த ஆண்டும் வீசும், மழையும் பெய்யும். அவை வரும்போது எமது மண் மூடியிருக்கட்டும், எமது கான் திறந்திருக்கட்டும் என்று கேட்டு அமைகின்றோம்.