ஈயம் வைக்காத சில்லு



சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை ஊடாங்கில் பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர், மகனின் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டியுடன் என்னிடம் வந்தார். “வாத்தியாரையா, ஈயமே வைக்க வேண்டாம், எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும்னு சொல்லித்தான் இந்தச் சில்லைக் கொடுத்தான். இப்போ பெட்டிதான் கோளாறுங்கிறான்” என்றார். கூடுதல் வேலை செய்து சேர்த்த பணம் அது.

கோளாறு பெட்டியில் இல்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த அந்தப் பெட்டியின் உட்பலகையைச் சோனி நிறுவனம் பலமுறை மாற்றியது. 2004-இல் வந்த மெல்லிய பெட்டி முற்றிலும் வேறு. ஈயம் வைப்பவர் இடம் பார்த்துக் கம்பியை இழுத்துச் சேர்ப்பார். ஈயமில்லாச் சில்லோ, தன் முனைகள் இருக்கும் இடத்தில்தான் அழுத்தும். புள்ளி ஒரு நூல் விலகினாலும் தொடர்பு கிடைக்காது.

சட்டமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சில்லு பொருத்திய ஸ்டீவன்ஸ் என்பவர், சோனி தொடுத்த வழக்கில் 2005-இல் வென்றார். அதை நம்பி இங்கே இறங்கக் கூடாது. பதிப்புரிமைப் பூட்டை உடைப்பது நம் நாட்டில் குற்றம். அண்ணனிடம் இதையும் சொன்னேன், முகம் சுருங்கிவிட்டது.

பெட்டியின் பின்புற எண்ணைக் குறித்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். எந்த எண்ணுக்கு உரிய சில்லு என்று உறையிலேயே பொடி எழுத்தில் இருந்தது. பாதிப் பணம்தான் திரும்பியது.