பின்தொடைத் தசைகளின் வலிமை

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உத்தியோக நிமித்தம் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலர், வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கிறோம்; ஞாயிறு காலையில் மைதானத்தில் இறங்கிப் பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடுகிறோம். அவ்வேளையில் தொடையின் பின்புறம் சுரீரென்று பிடித்துக்கொள்ள, நொண்டியபடி வெளியேறுவோர் உண்டு. பயிற்சி இல்லாதவர்க்கு மட்டுமே நேரும் துன்பமன்று இது. ஓட்டத்தில் உலக சாதனை படைத்த உசேன் போல்ட், 2017ஆம் ஆண்டு லண்டனில் நடந்த தொடர் ஓட்டத்தில் பின்தொடைத் தசை பிடித்து, இடைவழியிலேயே கீழே விழுந்தார்.

தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. முழங்காலை மடக்குவதும், தொடையைப் பின்னோக்கி இழுப்பதும் அவற்றின் தொழில். நாம் விரைந்து ஓடும்போது கால் முன்னே வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, அவ்வீச்சை இத்தசைகளே தடுத்து நிறுத்த வேண்டும். அப்போது அவை நீண்டுகொண்டே உழைக்கின்றன. ஓட்டத்தில் நேரும் காயங்களில் பெரும்பாலானவை அக்கணத்தில் நிகழ்பவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

நீர் நிறைந்த குடத்தைத் தூக்கும்போது கைத்தசை சுருங்கி உழைக்கிறது. அதையே மெல்ல இறக்கி வைக்கும்போது, அத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பின்தொடைக்கு வேண்டியது இவ்விரண்டாம் வகை வலிமையே. அதனைத் தரும் பயிற்சிகளுள் ஒன்று 'நார்டிக்' பயிற்சி. மெத்தென்ற விரிப்பில் மண்டியிட்டு, கணுக்கால்களை மற்றொருவர் அழுத்திப் பிடித்திருக்க, முழங்கால் முதல் தலை வரை உடலை நேராக வைத்து, மெல்ல முன்னே சாய வேண்டும். தசையால் தாங்க இயலாத நிலை வந்ததும் கைகளைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம்.

இப்பயிற்சியால் தசைக்கு வலிமை கூடுகிறது. அதன் இழைக் கற்றைகளும் நீளுகின்றன. கற்றைகள் குறுகியிருப்போர்க்குக் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி என்பதை, ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களிடையே நடந்து 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. டென்மார்க்கில் 50 குழுக்களைச் சேர்ந்த 942 கால்பந்து வீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. வழக்கமான பயிற்சியை மட்டும் செய்த பிரிவில் 52 காயங்கள். நார்டிக் பயிற்சியையும் சேர்த்துச் செய்த பிரிவில் 15 மட்டுமே.

அவர்கள் தொடங்கிய முறை நாமும் கருதத்தக்கது. முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரு முறை. பின்னர்ப் படிப்படியாகக் கூட்டிப் பத்து வாரம். அதன்பின் வாரம் ஒரு நாள். தொடக்கத்தில் தசை வலிக்கும். ஆதலால் அவசரம் ஆகாது. முன்பே அவ்விடத்தில் காயம் பட்டோர்க்கு மீண்டும் நேரும் அபாயம் அதிகம். அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பயிற்சியைக் கைவிட்டால், நீண்ட கற்றைகள் சில வாரங்களிலேயே மீண்டும் குறுகுகின்றன. இவ்வலிமை ஒருமுறை ஈட்டிப் பெட்டியில் பூட்டி வைக்கும் செல்வமன்று. வெளியூரில் குடும்பம் நடத்தும் நமக்குக் கால் ஒன்று முடங்கினால், அலுவலகமும் வீடும் சேர்ந்தே தடுமாறும். வாரத்தில் சில நிமிடங்களை இதற்கென ஒதுக்குவோமாக.