பரிசிலும் நல்கையும்



பொருள் வேண்டிப் புரவலரை நாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். புறப்பாடல்களில் பரிசில் கடாநிலை, பரிசில் விடை எனத் துறைகளே வகுக்கப்பட்டுள்ளன. எனினும், அறக்கட்டளை ஒன்றிடம் நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதலாமே என்றால் இன்றைய கவிஞர் பலர் கூசுகின்றனர்.

அக்கூச்சத்திற்கு மருந்து புறநானூற்றிலேயே உண்டு. தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்க மறுத்தார். தகுதி அறிந்து தருவதாயின் சிறிதும் போதும் என்பது அவர் கருத்து. அவர் இழிவென எண்ணியது கேட்பதை அன்று, அறியப்படாமல் பெறுவதை.

இன்றைய அறங்காவலர் முதலில் காண்பது ஆளை அன்று, தாளை. எனவே விண்ணப்பம் என்பது இரப்புரை ஆகாது. காணாதவரைக் காணச் செய்யும் உரை அது.

இதற்குச் சிறந்த சான்று அறிவியல் உலகில் உள்ளது. அடிப்படை ஆராய்ச்சிக்கு நிறுவனம் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தை ஹோமி பாபா 1943இல் ஜே. ஆர். டி. டாட்டாவுக்கு எழுதினார். திட்டவட்டமான முன்மொழிவும் வலுவான காரணங்களும் இருப்பின் சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை செவிசாய்க்கக்கூடும் என்றும், அறிவியல் வளர்ச்சி டாட்டா அறக்கட்டளைகளின் நோக்கங்களுள் ஒன்று என்றும் மறுமொழி வந்தது. 1944 மார்ச் 12ஆம் நாள் பாபா அவ்வறக்கட்டளையின் தலைவர் சர் சோராப் சக்லத்வாலாவுக்கு விண்ணப்பம் அனுப்பினார். தம் வறுமையையோ பெருமையையோ அதில் அவர் பாடவில்லை. நாட்டில் இல்லாதது எது, அதனால் நேரும் குறை யாது, இன்று விதைத்தால் இருபது ஆண்டுகளில் விளைவது என்ன என்பவற்றையே காட்டினார். அணுவாற்றலுக்கான வல்லுநரை அப்போது அயல்நாட்டில் தேட வேண்டியிராது என்றார். ஹிரோஷிமா நிகழ்வதற்கு ஓராண்டுக்கும் முன் எழுதப்பட்ட சொற்கள் அவை. 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது.

அணுவுக்குப் பொருந்திய முறை பாட்டுக்கும் பொருந்தும். மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் கையெழுத்துப் படிகள் பழைய தாள் கடைக்குப் போவதைத் தமிழுலகம் கண்டிருக்கிறது. அவற்றைக் காக்க விரும்பும் இலக்கிய வட்டம், "தமிழ் வளர உதவுக" என்று எழுதினால் அறங்காவலர் கண்முன் எதுவும் தோன்றாது. படிகள் எத்தனை, எந்நிலையில் உள்ளன, மின்படியாக்க எத்தனை மாதம் ஆகும், செலவு எவ்வளவு, முடிந்தபின் யார் பயன்படுத்தலாம் என்று எழுதினால் ஓர் அறையும் ஓர் அலமாரியும் கண்முன் நிற்கும். அதற்கு முன் அறக்கட்டளையின் நோக்கத்தை அறிதல் வேண்டும். கல்விக்கென அமைந்த பொருளைக் கவியரங்கிற்குக் கேட்பது இரு சாரார்க்கும் வீண். பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் இன்றியமையாதவை. பத்தாண்டு கண்ட வட்டத்திற்கு அதன் கூட்டக் குறிப்பேடே நற்சான்று.

மறுப்பு வரலாம். அது பாட்டின் தரத்திற்குத் தரப்பட்ட தீர்ப்பன்று. நோக்கம் பொருந்தாமையும் நிதி போதாமையும் காரணமாகலாம். பரிசில் நீட்டித்தபோது மீண்டும் கடாவிய புலவர் மரபு இங்கே துணைநிற்கும்.

நல்கை கிடைத்தாலோ, கடமை அப்போதுதான் தொடங்குகிறது. சொன்னதைச் செய்து, செய்ததற்குக் கணக்குத் தந்து, மிச்சத்தைத் திருப்புவதே இக்காலத்துப் பரிசில் விடை. பெற்ற வட்டம் பெறாத வட்டத்திற்கு வழிகாட்டுமாயின் அதுவே இக்காலத்து ஆற்றுப்படை.

பெருஞ்சித்திரனார் வெறுங்கையோடு திரும்பினார், தலைகுனிந்து திரும்பவில்லை. அந்த நிமிர்வோடு எழுதப்படும் விண்ணப்பம் எந்தக் கவிஞனையும் சிறுமைப்படுத்தாது.