ஓட்டத்திடலில் முதல் நாள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஸ்கந்தபுரத்திலே குளத்தைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசாமல் மோட்டார் ஓட்டத்திடலைப் பற்றிப் பேச வந்தானே இவன் என்று சிலர் நினைக்கக்கூடும். வேகத்தின் மேல் வாலிபருக்குள்ள ஆசை வன்னியிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. அந்த ஆசையை வைது பயனில்லை. அதற்குரிய இடம் எது, அங்கே என்ன நடக்கும் என்று அறிந்துகொள்வதே நன்று.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலக யுத்தகாலத்து விமான ஓடுபாதை ஒன்றிலேதான் சோழவரத்து ஓட்டப் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடைபெற்றன. பின்னர், 1990 இல், ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் தனியான ஓட்டத்திடல் திறக்கப்பட்டது. அதன் ஒரு சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீற்றர், வளைவுகள் 12. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபோர்முலா வண் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இத்தகைய திடல்களில், பந்தயக்காரர் அல்லாதோரும் தம் சொந்த வண்டியை ஓட்டிப் பழகுவதற்கென்று நாட்கள் ஒதுக்கப்படுவதுண்டு. அப்படியான நாளொன்றுக்கு முதன்முறையாகப் போகிறவர் எதை எதிர்பார்க்கலாம்?

முதலாவது, காத்திருத்தல். விடிய எழுந்து போனவுடன் ஓட விடமாட்டார்கள். வண்டியைச் சோதிப்பார்கள்: சில்லுகளின் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, ரயர் தேய்ந்துள்ளதா, பிரேக் எண்ணெய் பழுதாகிவிட்டதா, பற்றரி அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வண்டிக்குள் உருளக்கூடிய போத்தல், குடை, கருவிப்பெட்டி யாவற்றையும் இறக்கிவிட வேண்டும். பிரேக் மிதியின் கீழே ஒரு போத்தல் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தலைக்கவசமும், உடலை மூடிய பருத்தி உடையும், மூடிய சப்பாத்தும் வேண்டும்.

இரண்டாவது, சாரதிகளுக்கான விளக்கக் கூட்டம். அங்கே கொடிகளின் பொருள் சொல்லப்படும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாகத் தரிப்பிடத்துக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னாலே விரைவான வண்டி வருகிறது, வழிவிடு. கறுப்பு என்றால் உடனே உள்ளே வா. கட்டம் போட்ட கொடி ஓட்டம் முடிந்ததற்கு அடையாளம். முந்துவதற்கும் ஒழுங்கு உண்டு. புதியவர்களின் குழுவில், பெரும்பாலும் நேர்ப்பாதையில் மட்டுமே, அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டிய பின்பே முந்தலாம்.

மூன்றாவது, ஓட்டம். முதற் சுற்றுகள் மெதுவானவை. ரயரும் பிரேக்கும் சூடேற வேண்டும், பாதை கண்ணுக்குப் பழக வேண்டும். பக்கத்திலே ஆசிரியர் அமர்ந்தால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: "தூரத்தைப் பார்." கை கண்ணைத் தொடரும், வண்டி கையைத் தொடரும். வளைவுக்கு முன்னரே, நேராக ஓடும்போதே, பிரேக்கை அழுத்தி முடித்துவிட வேண்டும். பின்னர் வெளி ஓரத்திலிருந்து உள்முனையைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு வரவேண்டும். ரயருக்கு உள்ள பிடிப்பு ஒரு குடும்பத்தின் வருமானம் போன்றது. பிரேக்கிற்கு முழுவதையும் செலவழித்தால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளியது. வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். நல்ல ரயர் உள்ள கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் அழுத்தி 12 மீற்றரில் நிற்குமாயின், 100 இல் நிற்க 48 மீற்றர் வேண்டும். கண் கண்டதைக் கால் செய்வதற்குச் செல்லும் ஒரு நொடியில் ஓடும் 28 மீற்றர் இதில் சேரவில்லை. அத்தனை சக்தியும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. சில சுற்றுகளுக்குள் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதி பஞ்சுபோல அமுங்கக்கூடும். அதனாலேதான் கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி வண்டியை ஆறவிடுகிறார்கள்; நிறுத்திய பின் கைப்பிரேக்கையும் இழுப்பதில்லை. மனிதனும் அப்படியே. வெயிலில் களைத்தவன் தண்ணீர் குடித்து இளைப்பாற வேண்டும். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று எண்ணும்போதே இறங்கிவிட வேண்டும்.

அன்பர்களே, இவ்வளவையும் கூட்டிப் பாருங்கள். அங்கே எதிரே வாகனம் வருவதில்லை. மாடு குறுக்கே போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவதில்லை. கொடிகாட்ட ஆளும், அம்புலன்ஸ் வண்டியும் ஆயத்தமாக நிற்கின்றன. அப்படியிருந்தும் இத்தனை கட்டுப்பாடு! அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் நேர்வது என்ன என்பதை நம் நாடே கண்டது. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள்.

திடலிலேயே இப்படியென்றால், கண்டி வீதியில் மோட்டார்ச் சைக்கிளில் பந்தயம் ஓடுகிறவனுக்குக் கொடிகாட்ட யார் நிற்கிறார்? முறிகண்டியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். உடைத்த கையோடு நூறுக்கு மேலே பறப்பானாயின், தன் வேண்டுதலுக்குத் தானே எதிரியாகிறான். இந்த மண்ணிலே எத்தனையோ தாய்மார் பிள்ளைகளை இழந்துவிட்டார்கள். தெருவோரத்திலும் ஒரு பிள்ளையை இழக்க வேண்டுமா?

வேகம் வேண்டுமென்றால் திடலைத் தேடுங்கள். அது தொலைவிலே உள்ளதென்றால் பொறுத்திருங்கள். அங்கே முதல் நாள் கற்பிக்கப்படும் பாடம், எங்கே மெதுவாகப் போகவேண்டும் என்பதே. அந்தப் பாடத்தை இங்கிருந்தபடியே, இன்று வீடு திரும்பும் வழியிலேயே, நாம் தொடங்கலாம்.