முடிவெடுக்கும் உயரம்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு
சாலமோனின் ஞானம் 9:13-18, லூக்கா 14:25-33
(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் இயேசு இரண்டு மனிதர்களை நம் கண்முன் நிறுத்துகிறார். ஒருவர் கோபுரம் கட்ட விரும்புகிறவர். மற்றவர் போருக்குப் போக நினைக்கும் அரசர். இருவரும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றே. அவர்கள் உட்கார வேண்டும்; உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அரசரிடம் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். எதிரியோ இருபதாயிரம் பேரோடு வருகிறான். எதிர்த்து நிற்க முடியாது என்று தெரிந்தால் அரசர் என்ன செய்வார்? எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பிச் சமாதானம் பேசுவார். 'தொலைவில் இருக்கும்போதே' என்பதைக் கவனியுங்கள். எதிரி கோட்டை வாசலுக்கு வந்தபின் தூது அனுப்பிப் பயனில்லை.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இதே போன்ற ஒரு விதி உண்டு. அந்த விதியைப் பற்றியும், அதை மீறியதால் நேர்ந்த இரண்டு விபத்துகளைப் பற்றியும் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வானம் தெளிவாக இருந்தால் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறங்கலாம். மேகமோ மூடுபனியோ சூழ்ந்துவிட்டால் கண் உதவாது. கண் உதவாதபோது நம் உடலும் பொய் சொல்லத் தொடங்கும். நாம் நிமிர்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்று உணர்த்துவது நம் உள்காது. மேகத்துக்குள் ஒரு விமானம் மெதுவாகச் சாய்ந்து திரும்பினால், சற்று நேரத்தில் அந்த உள்காது ஏமாந்துபோகும். சாய்ந்திருக்கும்போதே நேராக இருப்பதாகத் தோன்றும். அதனால்தான், 'உன் உடல் சொல்வதை நம்பாதே, கருவிகள் காட்டுவதை நம்பு' என்று விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மனிதரின் எண்ணங்கள் உறுதியற்றவை, நம் திட்டங்கள் தவறக்கூடியவை என்று இன்றைய முதல் வாசகம் சொல்கிறது. மேகத்துக்குள் பறந்த எந்த விமானிக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

பல விமான நிலையங்களில் ஓடுபாதையிலிருந்து இரண்டு வானொலி அலைக்கற்றைகள் வானை நோக்கி அனுப்பப்படுகின்றன. ஒன்று, விமானம் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகுகிறதா என்று காட்டும். மற்றொன்று, சரியான சரிவில் இறங்குகிறதா என்று காட்டும். இவற்றைப் பின்தொடர்ந்து மேகத்துக்குள்ளேயே கீழே இறங்கி வரலாம். ஆனால், ஓர் உயரம் வரைதான். பெரிய விமானங்கள் பலவற்றில் தரையைத் தொடும்வரை தானாகவே இறக்கிவிடும் அமைப்பு உண்டு. சிறிய விமானங்களில் பெரும்பாலும் அது இல்லை. கடைசிப் பகுதியை விமானியின் கண்தான் பார்த்து இறக்க வேண்டும்.

அந்த எல்லைக்கு 'முடிவெடுக்கும் உயரம்' என்று பெயர். வழக்கமாக அது தரையிலிருந்து 200 அடி. அங்கு வந்ததும் விமானி நிமிர்ந்து வெளியே பார்க்கிறார். ஓடுபாதையோ, அதற்கு வழிகாட்டும் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் அந்த நொடியே மேலேற வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்பதற்கு அங்கு இடமே இல்லை. ஏனெனில் 200 அடியிலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய 15 வினாடிகளே ஆகும். அந்த 15 வினாடிகளில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. ஆகவே, யோசிக்க வேண்டியதையெல்லாம் மேலே இருக்கும்போதே யோசித்துவிடுகிறார்கள். எதிரி தொலைவில் இருக்கும்போதே முடிவெடுத்த அரசரைப் போல.

அன்பார்ந்தவர்களே, 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி காலை. அயர்லாந்து நாட்டின் கார்க் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. பெல்பாஸ்ட் நகரிலிருந்து 10 பயணிகளோடும் 2 விமானிகளோடும் ஒரு சிறிய விமானம் அங்கே வந்தது. முதல்முறை இறங்க முயன்றபோது விமானிகள் 200 அடி எல்லையைத் தாண்டிக் கீழே போனார்கள். ஓடுபாதை தெரியவில்லை, மேலேறினார்கள். இரண்டாம் முறை எதிர்ப்பக்கத்திலிருந்து முயன்றார்கள். அப்போதும் எல்லைக்குக் கீழே போய், ஒன்றும் தெரியாமல் மேலேறினார்கள். பிறகு, பனி விலகட்டும் என்று வானில் வட்டமிட்டுக் காத்திருந்தார்கள். அதிகத் தூரமில்லாத கெர்ரி விமான நிலையத்தில் அப்போது வானிலை நன்றாக இருந்தது. ஆனாலும், மூன்றாம் முறையாகக் கார்க் நகரிலேயே இறங்க முயன்றார்கள். மீண்டும் எல்லையைத் தாண்டிய பிறகே மேலேற முற்பட்டார்கள். இம்முறை விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. இறக்கையின் நுனி ஓடுபாதையில் மோத, விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. இரு விமானிகள் உட்பட 6 பேர் இறந்தார்கள். 6 பேர் உயிர் பிழைத்தார்கள்.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது மூன்றாம் முயற்சி அல்ல, முதல் முயற்சிதான். அன்று முதல்முறை எல்லையைத் தாண்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறையும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லையைத் தாண்டியும் ஒன்றும் நடக்காதபோது, அது எல்லையே அல்ல என்று மனித மனம் எண்ணத் தொடங்குகிறது. பாவம் நம்மிடம் வேலை செய்வதும் இப்படித்தான். முதல் பொய்க்கு யாரும் தண்டிக்கவில்லை. முதல் குடி யாருக்கும் தெரியவில்லை. பிறர் பணத்தில் முதலில் எடுத்த ஐந்நூறு ரூபாயை யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை நாம் தொடங்குவது பழைய எல்லையிலிருந்து அல்ல, நாம் தாண்டி நின்ற இடத்திலிருந்து.

இரண்டாவது விபத்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்தது. மலைகள் சூழ்ந்த ஆஸ்பென் என்னும் ஊர். 2001ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் தேதி மாலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து 15 பயணிகளோடும் 3 பணியாளர்களோடும் ஒரு தனியார் வாடகை ஜெட் விமானம் புறப்பட்டது. பயணிகள் தாமதமாக வந்ததால் புறப்பாடும் தாமதமானது. சூரியன் மறைந்து அரைமணி நேரத்திற்குப் பிறகு அந்த விமானம் ஆஸ்பெனில் இறங்க அனுமதியில்லை. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்று விமானி சொன்னது, விமானத்தை வாடகைக்கு எடுத்தவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கோபம் விமானியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பெனில் மேகமும் பனிப்பொழிவும் இருந்தன, இருள் சூழ்ந்துகொண்டிருந்தது. இவர்களுக்குமுன் இறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதை தெரியாமல் மேலேறிப் போயிருந்தது. இவர்களோ ஓடுபாதையைக் காணாமலேயே எல்லைக்குக் கீழே இறங்கினார்கள். ஓடுபாதைக்குச் சற்று முன்பாக மலைச்சரிவில் மோதி, விமானத்தில் இருந்த 18 பேரும் இறந்தார்கள்.

பதினெட்டுப் பேர். நற்செய்தியிலும் இந்த எண்ணிக்கை வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்ட இயேசு, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டார். இல்லை என்றும் அவரே பதில் சொன்னார். பிறகு, மனம் மாறும்படி கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். நாமும் இறந்துபோன விமானிகளுக்குத் தீர்ப்பு எழுதக் கூடியிருக்கவில்லை. கார்க் விபத்தை விசாரித்தவர்கள் விமானிகளின் களைப்பையும், போதாத பயிற்சியையும், மேலிருந்தவர்களின் சரியில்லாத கண்காணிப்பையும் சேர்த்தே எழுதினார்கள். ஆஸ்பென் விபத்தை விசாரித்தவர்கள், எல்லைக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றார்கள். ஆனால், தரையிறங்கியே ஆகவேண்டும் என்று விமானிமேல் விழுந்த அழுத்தமும் அதற்குத் துணைபோனது என்று பதிவு செய்தார்கள். விமானத்தை ஓட்டியது விமானியின் கை. அந்தக் கையைக் கீழே அழுத்தியது வேறு பலருடைய எதிர்பார்ப்பு.

இங்கே நம்மைப் பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓரிடத்தில் விமானி. வேறு பல இடங்களில் பயணி. இந்த நாள்களில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எத்தனையோ வேன்கள் இரவெல்லாம் ஓடுகின்றன. ஓட்டுநர் தம்பி, "கண்ணு சொருகுதுண்ணே, கொஞ்சம் நிறுத்திக்கிறேன்" என்கிறார். "இன்னும் ஒரு மணி நேரம்தானேப்பா, கொடியிறக்கத்துக்குப் போயிடலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல் நம்முடையதாக இருக்கலாம். அப்பாவால் முடியாது என்று தெரிந்தும் கடன் வாங்க வைக்கும் குரல், 'கல்யாணத்தைப் பெரிசா செய்யலேன்னா ஊர் என்ன சொல்லும்' என்ற குரல், 'என் பிள்ளை இந்தப் படிப்புதான் படிக்கணும்' என்ற குரல், இவையெல்லாம் பின்னிருக்கையிலிருந்து வருகிறவையே. முடியாது என்று சொல்லத் துணிகிறவரைக் கோழை என்று ஏசாதீர்கள். அவர் உங்கள் உயிரையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார்.

நற்செய்தியின் கடைசி வரிக்கு வருவோம். கணக்குப் பார்க்கச் சொன்ன இயேசு, தமக்குரிய அனைத்தையும் விட்டுவிடாதவர் தம் சீடராக இருக்க முடியாது என்று முடிக்கிறார். கணக்குப் பார்ப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் என்ன தொடர்பு? 200 அடி உயரத்தில் அந்தத் தொடர்பு புரியும். கார்க் விமானம் கெர்ரிக்குப் போயிருந்தால் என்ன இழப்பு? பயணிகளைப் பேருந்தில் அனுப்பவேண்டியிருந்திருக்கும். சிலர் முணுமுணுத்திருப்பார்கள். அவ்வளவுதான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஓடுபாதையை விட்டுவிட மனம் வரவேண்டும். விட மனமில்லாதவருக்கு எவ்வளவு நல்ல கணக்கும் உதவாது. கருவி சரியாகக் காட்டினாலும் அவர் கை கீழேதான் இறக்கும். நாம் இறுகப் பிடித்திருக்கும் பொருள்கள், உறவுகள், நம் பெயர், நம் பிடிவாதம் இவற்றை விட்டுவிடச் சொல்வது நம்மை ஏழையாக்குவதற்காக அல்ல. விடத் தெரிந்தவருக்கே திரும்பத் தெரியும்.

மேலேறித் திரும்புகிற விமானியை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. அதற்கான பாதையையும் உயரத்தையும் வரைபடத்திலேயே முன்கூட்டிக் குறித்துவைத்திருக்கிறார்கள். திரும்புவதும் பயணத்தின் பகுதியே. திருஅவையும் நமக்காக அப்படியொரு பாதையைக் குறித்துவைத்திருக்கிறது. ஒப்புரவு அருள்சாதனம் அது. எத்தனை முறை தவறினாலும், மேலேறித் திரும்பும் வழி அங்கே திறந்திருக்கிறது.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்வோம். ஓர் இரவு, குடும்ப செபம் முடிந்தபின், பத்து நிமிடம் உட்காருவோம். என் வாழ்வில் எந்த இடத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்று இறங்கிக்கொண்டிருக்கிறேன்? கடனா, குடியா, கோபமா, ஒரு தவறான உறவா? அதற்கு ஓர் எல்லையை இப்போதே, மனம் தெளிவாக இருக்கும்போதே, குறித்துக்கொள்வோம். அந்த எல்லையை மனைவியிடமோ, கணவரிடமோ, நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவைப்போம். மூடுபனிக்குள் நாம் தடுமாறும்போது அதை நமக்கு நினைவூட்ட ஒரு குரல் வேண்டும்.

ஆண்டவரே, எங்கள் எண்ணங்கள் உறுதியற்றவை. உமது ஞானத்தை எங்களுக்குத் தாரும். பிடித்ததை விடும் மனத்தையும், நேரத்தோடு திரும்பும் துணிவையும் தாரும். வானிலும் கடலிலும் சாலையிலும் பயணத்தில் உயிரிழந்த அனைவருக்கும் உமது ஒளியில் இளைப்பாற்றி அருளும். இன்றிரவு பயணம் செய்கிற அனைவரையும் வீடு சேரும். ஆமென்.