பாம்புக்கடியும் இறுக்கிக் கட்டும் வழக்கமும்

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் உடனே விடை வரும். மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு. கத்தியால் கீறி இரத்தத்தை வெளியேற்று. வாயால் உறிஞ்சித் துப்பு. சிறு வயதில் சாரணர் இயக்கத்தில் நானும் இதைத்தான் கற்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துக் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்ததும், அதே பழைய முதலுதவி நூலை வைத்துக்கொண்டு என் மாணவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். கரும்பலகையில் படம்கூட வரைந்து காட்டினேன்.

2003ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், பால்மரம் வெட்டும் தாய்க்கு உதவியாக என் மாணவன் ஒருவன் விடியற்காலையில் போயிருந்தான். தாயின் பாதத்தில் பாம்பு தீண்டிவிட்டது. பையன் பதறவில்லை. சைக்கிள் டியூபைக் கணுக்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினான். பால்வெட்டும் கத்தியால் கடிவாயைக் கீறினான். லாரி கிடைத்து மருத்துவமனை போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் கீறிய இடத்தில் இரத்தம் நிற்கவே இல்லை. கறுத்துப்போன இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

"நீங்க சொன்ன மாதிரிதானே சார் செஞ்சேன்?" என்று அவன் கேட்டான். எனக்கு வாயடைத்துவிட்டது.

கடித்தது வட மாநிலங்களின் தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஒரு விரியன். காய்ந்த சருகின் நிறம். முதுகில் முக்கோணக் கருந்திட்டுகள். ஆள் நெருங்கினாலும் நகராமல் கிடக்கும். மலாய் மொழியில் இதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் மடையன். மடையன் யாரென்பது வேறு கதை.

இதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. அந்த நிலையில் கத்தியால் கீறினால், மூடாத ஒரு வாசலை நாமே திறந்துவிடுகிறோம். இறுக்கிக் கட்டினாலோ இரத்தம் இல்லாமல் கட்டுக்குக் கீழுள்ள சதை சாகிறது. நஞ்சும் அங்கேயே தேங்கி அந்தச் சதையை மேலும் அழிக்கிறது. வாயால் உறிஞ்சினால் நஞ்சு வெளிவரும் என்பதும் வீண் நம்பிக்கை. அதற்குள் அது சதைக்குள் பரவியிருக்கும்.

அப்படியானால் இந்த வைத்தியம் எப்படி இத்தனை காலம் நிலைத்தது? 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், இந்த விரியன் கடித்து வந்தவர்களைக் கவனித்து எழுதி வைத்தார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நஞ்சு ஏறவேயில்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது. கயிறு கட்டினாலும், பச்சிலை அரைத்துப் பூசினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். பெயர் மட்டும் கயிற்றுக்கும் பச்சிலைக்கும் போய்ச் சேர்ந்தது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரைப் படுக்கவோ உட்காரவோ வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், கொலுசு எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட கை கால் அசையாதபடி ஒரு பலகைத் துண்டை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பாம்பை அடிக்கத் துரத்த வேண்டாம். அதில் இன்னொருவர் கடிபடுவதுண்டு. எட்ட நின்று கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். நஞ்சை முறிப்பது மருத்துவமனையில் ஏற்றும் நச்சுமுறி மருந்து ஒன்றே.

என் பள்ளியில் பெற்றோர் கூட்டமொன்றில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டார்: "வாத்தியாரே, ஏற்கெனவே இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்துட்டாங்கன்னா, நாம அவுத்து விட்டுடலாமா?" கூடாது. சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயும். கட்டோடு கொண்டுபோய், எப்போது கட்டினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவிழ்ப்பதை, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, மருத்துவர் பார்த்துக்கொள்வார்.