விழா முடிந்த மரம்



அலுவிகாரையில் எங்கள் அயல் வீட்டில் கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். ஆண்டுதோறும் அவர் வீட்டு முன்றிலில் சைப்பிரஸ் மரமொன்று நத்தார் அலங்காரத்துடன் நிற்கும். ஜனவரி 6ஆம் திகதி மூவரசர் திருநாள் கழிந்ததும் மின்குமிழ்களையும் பளபளக்கும் இழைகளையும் ஒன்றுவிடாமல் கழற்றுவார். மக்காத அவை மண்ணுக்குப் போகலாகாதல்லவா? பின்னர் கிளைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிளகுக்கொடியைச் சுற்றி, தண்டைத் தொடாமல் பரப்புவார். அவை ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மெல்ல மெல்லப் பசளையாகும். நடுத்தண்டு அவரைக்கொடிக்குக் கொழுகொம்பாகும்.

அமெரிக்காவின் லூசியானாவிலோ, கழித்த நத்தார் மரங்களைச் சதுப்பு நிலத்தில் வேலிபோல அடுக்கி, அலையின் வேகத்தைத் தணித்து மண்ணரிப்பைத் தடுக்கின்றனர்.

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து, வாசலில் கட்டிய வாழைமரங்களை வீதியோரம் எறியப் போனேன். அவர் பார்த்துவிட்டார்.

"மாஸ்டர், நேற்றுவரை வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவை அல்லவா?" என்றார்.

நாணிப் போனேன். வகுப்பிலே செய்ந்நன்றியறிதலைக் கற்பிப்பவன் நான்! அதுவும் எந்த ஊரில்? கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற ஊரில். மரத்தினின்றும் வெட்டிய ஓலையை அவித்து, உலர்த்தி, அதற்கு மறுவாழ்வு தந்தவர்கள் வாழ்ந்த மண் இது.

இவ்வாண்டு எங்கள் வாசல் வாழைகள் துண்டுகளாகித் தென்னையடியில் கிடக்கின்றன. உங்கள் வாசல் மரம் எங்கே போயிற்று, நேயர்களே?